இரண்டு பக்கமும் கேட்கும் ஸ்பீக்கர்

ஒரு மாதமாக என் வலது பக்கம் பாட்டு பாதிதான் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை. மின்விசிறித் தொழிற்சாலையில் என் வேலையே கேட்பதுதான். ஓடும் விசிறியின் கீழே நின்று, பேரிங் உறுமுகிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை எங்களுக்குக் காது பரிசோதனை. தேறாவிட்டால் பேக்கிங் பிரிவு. ஹெட்போன் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். தெரிந்துவிடுமே என்றுதான் போடவில்லை.

ஞாயிறு காலை வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே நானே செய்த இரண்டு ஸ்பீக்கர்கள், கதவுப் பலகைபோல. உள்ளே கூம்பும் காந்தமும் கிடையாது. துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே, தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள். தாளில் சில ஆயிரம் வோல்ட் மின்னூட்டம். பாட்டு மின்சாரமாகத் தகடுகளுக்கு வரும். ஒன்று தாளை இழுக்கும், மற்றது தள்ளும். தாளின் அந்த அசைவுதான் ஒலி. முன்னால் போகிற அளவு பின்னாலும் போகும். அதனால் சுவரைவிட்டுத் தள்ளி வைத்திருக்கிறேன். அந்த இடைவெளியில், ஜன்னலோரம், என்னைப் பார்த்தபடி உட்கார்ந்து என் மனைவி தைப்பாள்.

பாட்டு முடிந்தது. அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

"ஏங்க, இந்த இடது பக்கம் ஏன் சத்தம் கம்மியா வருது?"

"எந்த இடது?"

"என் இடது. உங்களுக்கு வலது. எதிரெதிரா தானே உட்கார்ந்திருக்கோம்?"

எழுந்து போய் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, அதே பாட்டை மறுபடி போடச் சொன்னேன். வலது காதில் பாட்டு முழுசாக இறங்கியது. குறை இடது பக்கம் போயிருந்தது. பழுது ஸ்பீக்கரில்.

"என்னங்க, கண்ணு கலங்குது?"

"காது போயிடுச்சுன்னு நெனச்சேன்."

"ஓ, அதான் நான் கூப்பிட்டா திரும்பலையா?"

"இல்ல, அதெல்லாம் நல்லாவே கேட்டுச்சு."

நூல்கண்டு ஒன்று என் தோளில் வந்து விழுந்தது.

பிளக்கைப் பிடுங்கி, மின்னூட்டம் வடியும்வரை காத்திருந்து, பின்தகட்டைக் கழற்றினேன். தாளெங்கும் வெள்ளைப் பஞ்சு. அவள் தைக்கிற துணியிலிருந்து பறந்ததைத் தாள் இழுத்து வைத்துக்கொண்டிருந்தது. அதன் வழியாகவே மின்னூட்டம் கசிந்திருக்கிறது.

"என்னாலதானா? நான் வேற ரூமுக்குப் போயிடட்டுமா?"

"வேண்டாம். அங்கயே இரு."

தையல் மெஷின் துடைக்கிற சின்ன பிரஷை அவள் நீட்டினாள்.