பகிசியோவின் கண்ணில் இருந்த வளையம்

“ஒரு விரலால தொட்டிருந்தா போதும். தொட்டுட்டுச் சொல்லியிருந்தா என் புள்ளைக்கு இந்தக் கதி வந்திருக்காது” என்றாள் ரைமொந்தா, மகனின் இமைகளை விரலால் மூடியபடி. கையை எடுத்ததும் அவை மெல்லத் திறந்துகொண்டன.

கட்டிலின் மறுபக்கம் மகள் போனாரியா நின்றிருந்தாள். தம்பி பகிசியோவின் மூச்சு நின்று அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இப்போதும் அம்மா பழி சொல்வது எதிர்வீட்டுப் பொரிக்காவைத்தான்.

ஆறு வருஷத்துப் பேச்சு இது. மாதா திருநாளில் ஊர்ச் சதுக்கத்தில் எல்லோரும் கை கோத்து ஆடிக்கொண்டிருந்தபோது பொரிக்கா பகிசியோவின் முகத்தைப் பார்த்து, “என்ன கண்ணுடா உனக்கு, சுத்தித் தங்கக் கம்பி இழுத்துவிட்ட மாதிரி” என்று பாராட்டினாள். பாராட்டிவிட்டு, தொடாமல் போய்விட்டாள். அந்த மலையூரில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். குழந்தையோ கன்றுக்குட்டியோ, அழகு என்று வாயைத் திறந்தால் கை அதன்மேல் பட்டாக வேண்டும். படாவிட்டால் கண் பட்டுவிடும். பொரிக்காவின் இரண்டு கையிலும் பலகாரத் தட்டுகள் இருந்தன. அதையெல்லாம் யார் கேட்டார்கள்?

அந்தக் குளிர்காலத்திலேயே பகிசியோவின் கையெழுத்து கோணிப்போனது. பிறகு ஒன்றுமில்லாததற்குக் கத்தினான், நாற்காலியை உடைத்தான், உடைத்ததை நினைத்து அழுதான். ஆடுகளோடு போன இடத்தில் யாரோ பின்னாலேயே வருவதாகச் சொல்லி ஓடிவந்தான். வாய் குழறியது, கை நடுங்கியது, சிரிப்பு வந்தால் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. ரைமொந்தா கிண்ணத்துத் தண்ணீரில் கோதுமை மணிகளைப் போட்டுப் பார்ப்பாள். மணியைச் சுற்றிக் குமிழ் கட்டினால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். குமிழ் கட்டாத நாளே இல்லை. பொரிக்கா இந்த வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

போனாரியாவிடம் வேறு விளக்கங்கள் இருந்தன. கடற்கரை நகரத்தில் உளவியல் படித்தவள், ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு காரணத்தோடு வந்து இறங்குவாள். அப்பா விட்டுவிட்டுப் போனதுதான் காரணம் என்றாள். அடுத்த முறை, அம்மா அவனைப் பொத்திப் பொத்தி வளர்த்ததுதான் என்றாள். பிறகு டாக்டர்கள் மனச்சிதைவு என்று பெயர் வைத்தார்கள், அதையும் ஏற்றுக்கொண்டாள். நடுக்கம் ஏன் என்று கேட்டால் மாத்திரையால் என்றார்கள். குழறலும் மாத்திரையால்தான். “உன் கோதுமையும் என் புஸ்தகமும் ஒண்ணுதாம்மா, எதைப் போட்டாலும் குமிழ் வருது” என்று ஒரு சண்டையில் அவளே சொல்லியிருக்கிறாள்.

போன மாதத்திலிருந்து தங்கை நெவினாவின் கையிலும் கோப்பை ஆடுகிறது. ஒருநாள் சூப்பு உப்பாக இருக்கிறது என்று தட்டைச் சுவரில் எறிந்தாள். பத்தொன்பது வயதுதான். ரைமொந்தா பேசாமல் எழுந்து போய்க் கிண்ணத்தை எடுத்தாள். அன்றிலிருந்து வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

பகிசியோவுக்குச் சாப்பாடு புரையேறி நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரி என்றாலே கட்டிலைப் பிடித்துக்கொண்டு அலறினான். விடியும் நேரத்தில் இரவுப் பணியில் இருந்த டாக்டர் மலையேறி வந்தபோது செய்வதற்கு எதுவும் மீதி இல்லை.

“ஜன்னலைத் திற. உயிரு எந்த வழியாப் போகும்?” என்றாள் ரைமொந்தா.

போனாரியா கிழக்குப் பக்கத்துக் கதவுகளைத் தள்ளினாள். வெயில் பக்கவாட்டில் வந்து கட்டிலின் மேல் விழுந்தது. இமைகளை மூட இந்த முறை அவள் கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

அப்பாவிடமிருந்து வந்த சாம்பல் நிறக் கண்கள். அந்தச் சாம்பலின் விளிம்பில், சுற்றி ஓர் இடம் விடாமல், ஒரு வளையம். பழுப்பும் பச்சையும் கலந்த தங்கம். சாவினால் வந்த நிறமாக இருக்கும் என்று நினைத்தாள். மூடிவிட்டிருப்பாள். ஆனால் ஆறு வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அந்த வாக்கியம் காதில் வந்தது. சுத்தித் தங்கக் கம்பி இழுத்துவிட்ட மாதிரி.

“டாக்டர், கொஞ்சம் இங்க வாங்க.”

சமையலறையில் இறப்புச் சான்று எழுதிக்கொண்டிருந்த இளம் டாக்டர் கொட்டாவியோடு வந்தாள். குனிந்தாள். பையிலிருந்து சின்ன விளக்கை எடுத்து, வெகுநேரம் குனிந்தே இருந்தாள். நிமிர்ந்தபோது தூக்கமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

“இவர் கண்ணை யாராச்சும் பாத்திருக்காங்களா?”

“கண்ணு நல்லாத்தானே தெரிஞ்சுது. மனசுக்குத்தான் டாக்டருங்ககிட்ட போனோம்” என்றாள் ரைமொந்தா.

“இது செம்புன்னு நினைக்கிறேன்.”

டாக்டர் மெதுவாகச் சொன்னாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. எல்லோர் சாப்பாட்டிலும் துளி செம்பு இருக்கிறது. வேண்டியதை உடம்பு எடுத்துக்கொள்ள, மிச்சத்தைக் கல்லீரல் வெளியே தள்ளிவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த வழி அடைபட்டிருக்கும். தள்ள முடியாத செம்பு முதலில் கல்லீரலில் சேர்ந்து, பிறகு மூளைக்குப் போகும். அது போகிற இடத்தைப் பொறுத்துக் கோபம் வரும், பயம் வரும், இல்லாத ஆள் பின்னால் வருவான். கண்ணின் ஓரத்திலும் கொஞ்சம் தங்கிவிடும்.

போனாரியா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடைந்த நாற்காலியும் அவன் அழுத அழுகையும் அவன் பின்னால் வந்த அந்த ஆளும் எல்லாமே இந்த மெல்லிய கோட்டுக்குள் இருந்திருக்கின்றன. விடுமுறைதோறும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணில்.

ரைமொந்தா சமையலறைச் சுவரில் தொங்கிய செம்புச் சட்டியைப் பார்த்தாள். “என் பாத்திரமா?”

“இல்லம்மா. பிறக்கும்போதே உள்ள இருந்த கோளாறு.” டாக்டர் விளக்கை அணைத்தாள். “கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?”

யாரும் பதில் சொல்வதற்குள் வாசலில் இருந்து ஒரு சத்தம் கேட்டது. சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கம்தான் கொண்டுவரும். பொரிக்கா படியேறாமல் வெளிக்கதவில் நின்று காப்பித் தட்டை நெவினாவிடம் கொடுத்திருந்தாள். கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுவென்று ஒலித்தபடி கூடத்தைக் கடந்து வந்தன.

“என்ன, எல்லாரும் என்னையே பாக்குறீங்க? ராத்திரி பூரா முழிச்சிருந்தேன், அதான் கை ஆடுது” என்றாள் நெவினா.

டாக்டர் தட்டை வாங்கி வைத்துவிட்டு அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். அதே சாம்பல் நிறக் கண்கள். மேல் ஓரத்தில் மட்டும் ஏதோ நிழல் தெரிகிறது, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றாள். ரத்தம் பார்க்க வேண்டும், இன்றைக்கே நகரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அதுவாகவே இருந்தால் மருந்து இருக்கிறது. ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும், ஆனால் செம்பு இறங்கும். வளையமும் மங்கிப்போகும்.

“மருந்து இருக்கா?” என்றாள் ரைமொந்தா. கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். பிறகு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளிக்கதவுக்கு நடந்தாள்.

“பொரிக்கா, உள்ள வாடி.”

“படி மிதிக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன.”

“நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் கூப்பிடுறேன். அவனுக்கு அந்தத் தங்கக் கம்பி ஆரம்பத்துல எப்படி இருந்துதுன்னு பாத்தவ நீ ஒருத்திதான். இவளுக்கு அது இருக்கான்னு பாத்துச் சொல்லு.”

பொரிக்கா கட்டிலுக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். இந்த முறை அவள் கையில் ஒன்றும் இல்லை. முதலில் ஒரு விரலால் நெவினாவின் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட விரலை எடுக்காமலே வெயிலில் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் திட்டில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

“இருக்கு” என்றாள். “அவனுக்கு இருந்த மாதிரியேதான். இன்னும் மெல்லிசா.”

ரைமொந்தா பொரிக்காவின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. போனாரியா கட்டிலுக்குத் திரும்பி, தம்பியின் இமைகளை மூடி, அவை தங்கும்வரை விரல்களை அங்கேயே வைத்திருந்தாள்.

நீங்களே சொல்லுங்கள்: அந்தத் திருநாளில் பொரிக்காவின் கைகள் காலியாக இருந்து, முறைப்படி அவனைத் தொட்டுவிட்டு அவள் சொல்லியிருந்தால், ‘தங்கக் கம்பி’ என்ற அந்த வார்த்தை யாருக்காவது ஞாபகம் இருந்திருக்குமா?