இரண்டாவது அரங்கேற்றம்

கிளடிஸ் அவித்த கோதுமையை வெள்ளைத் துணியில் பரப்பி, ஈரம் போக உள்ளங்கையால் ஒற்றிக்கொண்டிருந்தபோது அக்கா தொலைபேசியை வைத்தாள். வைத்த விதத்திலேயே பதில் என்னவென்று தெரிந்துவிட்டது.

"ஃபாதர் என்னவாம்?"

"கோயிலுக்குள்ள வாத்தியம் கூடாதாம். மனிசக் குரல் மட்டும்தானாம். தங்கட முறை தொடக்கத்திலயிருந்தே அப்பிடியாம்." மக்டலீன் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "பியானோ எண்டு நான் சொல்லி முடிக்கேல்லை, மனுசனுக்கு இருமல் வந்திட்டுது."

"அப்ப அத்தானிட்டைப் படிச்ச பிள்ளையள் மூண்டும் வயலின், செல்லோ எண்டு தூக்கிக்கொண்டு வந்து நிக்கப்போகுதுகளே."

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

அன்று மக்டலீனின் கணவருக்கு அடக்கம். பேராசிரியர் அலெக்ஸாண்டர் வல்சாமிஸ். கிரேக்க நாட்டின் கோர்பு தீவில் பிறந்து, ஏதென்ஸிலும் வியன்னாவிலும் படித்து, ஐம்பதுகளில் ஒரு கப்பலில் கனடாவுக்கு வந்து இறங்கியவர். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் முப்பது வருடத்துக்குக் கிட்ட இசை படிப்பித்தார். இரண்டு சிம்பொனி, யாரும் மேடையேற்றாத ஒரு ஒபரா, சின்னதும் பெரிதுமாக வேறு பல. அவருடைய முதல் சிம்பொனியை அவரே நடத்திக்கொண்டிருந்தபோது உணர்ச்சிவசப்பட்டு ஒரு அடி பின்னால் வைத்து, மேடையிலிருந்து விழுந்து காலை முறித்தார். இங்கிலாந்தில் தாதி வேலை படித்துவிட்டு அப்போதுதான் ரொறன்ரோவுக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்துக் குருநகர் மக்டலீன்தான் அந்த வார்ட்டில் அன்றைக்குக் கடமையில் இருந்தாள். "இசை விழேல்லை, நான் மட்டும்தான் விழுந்தன்" என்று அவர் அவளிடம் சொன்ன முதல் வசனத்தை வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

எண்பத்து நான்கில் கொழும்பிலிருந்து ஒரு சூட்கேசோடு கிளடிஸ் வந்து சேர்ந்தாள். இடம் பார்க்கும்வரை மூன்று மாதம் என்றுதான் பேச்சு. பன்னிரண்டு வருடமாகியும் ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரை அவள் அத்தான் என்றாள். அவர் அவளை மச்சாள் என்று கூப்பிடப் பழகினார். ஆனால் வாயில் அது 'மட்சாலி' என்றுதான் வந்தது. மிச்சமெல்லாம் ஆங்கிலம்.

அவருடைய இசை கிளடிஸுக்கு விளங்காது. அதை அவள் ஒளித்ததில்லை. ஒரு பத்திரிகை அதைக் 'கடினமான, நேர்மையான இசை' என்று எழுதியபோது, அத்தான் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "இருமல் மருந்துக்கும் இப்பிடித்தான் எழுதுவாங்கள்" என்றார். புதிய படைப்பென்றால் முதல் தரம் வாசிக்க ஆட்கள் வருவார்கள், படமெடுப்பார்கள், வைன் குடிப்பார்கள் என்பார். "ரண்டாம் தரம் வாசிக்கிறதுக்குத்தான் மட்சாலி, அதைப் பிடிச்சிருக்கவேணும்." அவருடைய படைப்பில் ஒன்றுகூட இரண்டாம் தரம் வாசிக்கப்படவில்லை. இதைச் சொல்லும்போதும் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு மட்டும் அக்கா சேர்ந்து சிரிக்காமல் எழுந்து குசினிக்குள் போய்விடுவாள் என்பதைக் கிளடிஸ் கவனித்திருக்கிறாள்.

அக்காவைக் கட்டிய அடுத்த வருடம் வயலின், செல்லோ, பியானோ மூன்றுக்குமாக அவர் ஒன்று எழுதினார். அதைத்தான் இன்று வாசிக்க வேண்டுமென்று மக்டலீன் பிடிவாதமாக நின்றாள். பேச்சு ஒன்றும் வைக்கவேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். பேராசிரியர்மார் பேசத் தொடங்கினால் சனம் தனக்குப் பக்கத்தில் வந்து படுத்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

"அக்கா, இண்டைக்குச் சாப்பாடு குடுக்கிற ஸ்பிரோவின்ர கடையில ஒரு பியானோ கிடக்குதெல்லே?"

"அதுக்கு மேல அவர் கோப்பை அடுக்கி வைச்சிருக்கிறார்."

"கோப்பையை இறக்கலாம்."

மக்டலீன் தங்கையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கிரேக்கர் செத்தவருக்காகப் படைக்கிற அந்தக் கோதுமைக்குள் சீனியையும் மாதுளை முத்துகளையும் கொட்டினாள். "நீயே கேள். என்னை அழவைச்சுப்போட்டு ஓமெண்டு சொல்லுவார். உன்னட்டை எண்டால் ஒழுங்காக் கதைப்பார்."

சித்தப்பாவின் மகன் அன்புராசா நகரின் கிழக்கே மல்வேர்னிலிருந்து வானை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று ஹோர்ன் அடித்தான். பிறகு செத்தவீட்டில் ஹோர்ன் அடித்தது நினைவுக்கு வந்ததுபோல, இறங்கி வந்து மணியையும் அடித்தான்.

தேவாலயத்தில் பாட்டு நீண்டது. மல்வேர்னிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று தெரியாமல் எல்லோரும் அன்புராசாவைப் பார்த்தார்கள்; அவன் முன்வரிசையில் நின்ற ஒரு கிரேக்கக் கிழவியைப் பார்த்தான். கிழவிக்கு முழங்கால் வருத்தம் போலிருந்தது. அவள் நினைத்த நேரம் இருந்தாள், நினைத்த நேரம் எழும்பினாள். பின்னால் ஒரு பகுதிச் சனம் அவளோடு சேர்ந்து இருந்து எழும்பியது.

கிளடிஸ் பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் பார்த்த முகத்தைவிட இது ஒழுங்காகச் சீவப்பட்டிருந்தது. அன்று அவள் பிளாஸ்கில் சூப் கொண்டுபோயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்து இயந்திரம் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது. "மட்சாலி, இது என்ர ரண்டாவது சிம்பொனியின்ர தொடக்கம். களவெடுத்திட்டாங்கள்" என்று அத்தான் சொன்னார். இரண்டு கரண்டி சூப் குடித்தார். உப்புக் காணாது என்றார். கண்ணை மூடினார். நித்திரை என்றுதான் கிளடிஸ் நினைத்தாள். கட்டிலருகே வாசித்துக்கொண்டிருந்த அக்கா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து, இயந்திரத்தின் சத்தத்தை நிற்பாட்டி, அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் தாதியைக் கூப்பிடச் சொன்னாள்.

மயானத்தில் பனி உருகிய சித்திரை மாதத்துச் சேறு. அன்புராசாவின் ஒரு சப்பாத்து அதில் நின்றுவிட்டது. மண் போட்டு முடிந்ததும் ஃபாதர் குனிந்து அதை இழுத்தெடுத்து அவனிடம் நீட்டினார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளென்று இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது கிளடிஸுக்கு மட்டும் தெரியும்.

டான்போர்த் வீதியில் ஸ்பிரோவின் சாப்பாட்டுக் கடை. ஸ்பிரோவும் கோர்புத் தீவுதான். அலெக்ஸாண்டர் படித்த அதே பள்ளிக்கூடம். அடக்கம் முடிய எல்லோருக்கும் மீன் சாப்பாடு கொடுப்பது கிரேக்கர்களுடைய வழக்கம். நீண்ட மேசைகளில் வறுத்த மீனும் பாணும் எலுமிச்சம் பழமும் வைத்திருந்தது. சொந்தக்காரர்கள் மேசையில் ஒரு சலசலப்பு.

"செத்தவீட்டண்டைக்கே மீனோ?" என்று ஒரு பெரியம்மா மெதுவாகக் கேட்டார்.

"இது அவையின்ர முறை, பெரியம்மா. சாப்பிடாட்டில் குறை நினைப்பினம்" என்றான் அன்புராசா. அவன் முதல் மீனை ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தான்.

கிளடிஸ் ஸ்பிரோவைத் தேடிக் குசினி வாசலுக்குப் போனாள். ஸ்பிரோ ஏப்ரனோடு கறுப்புக் கழுத்துப்பட்டியும் கட்டியிருந்தார்.

"பியானோவைக் கொஞ்சம் தருவீங்களோ? அத்தானின்ர மாணவர் மூண்டு பேர் வந்திருக்கினம்."

"அவன்ர இசையோ?"

"ஓம்."

ஸ்பிரோ கையைத் துடைத்தார். "கிளடிஸ், நான் அவனோட அறுபது வருசச் சிநேகம். இந்தக் கடையிலதான் அவன் முதன்முதல் வாசிச்சவன். அப்ப இது என்ர மாமாவின்ர கடை. சாப்பிட வந்த சனம் பாதியில எழும்பிப் போயிட்டுது. அதுக்குப் பிறகு அவன்ர ஒரு கச்சேரிக்கும் நான் போகேல்லை. அது அவனுக்கும் தெரியும். இண்டைக்கு வந்திருக்கிற சனம் ஏற்கெனவே துக்கத்தில இருக்கு. அதுக்கு மேல இதுவும் வேணுமோ?"

"எனக்கும் அது விளங்காது அண்ணை" என்றாள் கிளடிஸ். "அக்காவுக்கு வேணும்."

அவர் தூர மேசையில் இருந்த மக்டலீனைப் பார்த்தார். பிறகு போய், பியானோவின் மேலிருந்த கோப்பைகளைத் தானே ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார்.

ஜூடித் பியானோவின் முன் உட்கார்ந்தாள். அவள் அத்தானிடம் படித்து, இப்போது அதே பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவள். விரல்களைக் கட்டைகளில் ஒருதரம் ஓடவிட்டுப் பார்த்தாள். நடுவில் ஒன்று கீழே போனால் மேலே வர மறுத்தது. "பரவாயில்லை. இதைக் கண்டால் அவர் சந்தோசப்படுவார்" என்றாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். "பக்கம் புரட்ட ஒரு ஆள் வேணுமே."

கிளடிஸ் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவளுக்கு இடப்பக்கமாக இருந்தாள்.

"உங்களுக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியுமோ?"

"தெரியாது. வீட்டில அவர் வாசிக்கேக்கை நான்தான் புரட்டுறனான்."

ஜூடித் தாள்களை விரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், கடைசி வரிக்குச் சற்று முன்னால், பென்சிலால் ஏதோ கீறியிருந்தது. "இது என்ன? கனநாளா யோசிச்சுப் பாத்தும் எனக்குப் பிடிபடேல்லை."

அது தமிழ். 'எழும்பு' என்று எழுதியிருந்தது. அக்காவிடம் எழுதி வாங்கி, பார்த்துப் பார்த்து அத்தான் கீறிய எழுத்து. ழகரம் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு விதமாக வளைந்திருந்தது. மச்சாளுக்கு நோட்ஸ் தெரியாது. புள்ளிகள் ஏறி இறங்குவதை விரலோடு ஒப்பிட்டுப் பார்த்து, அந்த இடம் வரும்போது எழும்பி நின்றால் போதும், அவர் தலையாட்டியதும் புரட்டலாம்.

"இதிலை நான் எழும்பவேணும்" என்றாள் கிளடிஸ். மற்றதை விளங்கப்படுத்த அவளால் முடியவில்லை.

வாசித்தார்கள். தொடக்கம் கரடுமுரடாகத்தான் இருந்தது. வயலின் ஒரு பக்கம் போக, செல்லோ அதைத் திருத்துவதுபோல வேறொரு பக்கம் போனது. மல்வேர்ன் மேசையில் ஒரு குழந்தை அழுதது. கிளடிஸ் எழும்பினாள், புரட்டினாள், இருந்தாள். நடுவில் பியானோ தனியாக வந்த இடத்தில் கடையில் கரண்டிச் சத்தம் குறைந்ததை மட்டும் உணர்ந்தாள். விரல்களிலிருந்து கண்ணை எடுக்க அவளுக்குப் பயம். ஒரு இடத்தில் அந்தக் கட்டை கீழேயே நின்றுவிட, ஜூடித் இடக்கையால் அதைத் தூக்கிவிட்டுத் தொடர்ந்தாள். முடிவு திடீரென்று வந்தது. ஒருவருக்கும் முடிந்தது தெரியவில்லை. வில்லுகளை இறக்கிய பிறகுதான் நாலைந்து பேர் கைதட்டினார்கள். செத்தவீட்டில் கைதட்டலாமா என்று தெரியாமல் அதுவும் நின்றது.

ஸ்பிரோ குசினி வாசலில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"திருப்பி வாசியுங்கோ" என்றார்.

ஜூடித் திரும்பிப் பார்த்தாள். "எதை?"

"இதைத்தான். முழுக்க." தட்டை யாருடைய மேசையிலோ வைத்துவிட்டு முன்னால் வந்தார். "எனக்கு விளங்கேல்லை. அதை முதல் சொல்லிப்போடுறன். ஆனா நடுவில எங்கட ஊர்ப் பாண்ட் வாத்தியம் வந்தது. செத்தவீட்டுக்குப் போற பாண்ட். அவன்தான் அதில பெரிய மேளம் அடிச்சவன். பன்னிரண்டு வயசு, மேளத்துக்குப் பின்னால ஆளே தெரியாது. ஒரு அடி, பிறகு ஒரு நிப்பு, பிறகு ரண்டு அடி." மேசையில் விரல் மடக்கித் தட்டிக் காட்டினார். "அது அதிலை இருந்ததோ, இல்லாட்டி எனக்குத்தான் இண்டைக்குப் பிசகிப்போச்சோ எண்டு கேட்டுப் பாக்கவேணும்."

ஜூடித் கதிரையை முன்னுக்கு இழுத்தாள். செல்லோக்காரன் தன் தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பினான். அதைப் பார்த்து வயலின்காரியும் திருப்பினாள். கிளடிஸ் தன் அக்காவின் பக்கம் பார்க்காமல் பியானோத் தாள்களை ஒன்றாக்கி, தட்டி, மறுபடியும் வைத்தாள்.

இரண்டாம் தரம் தொடக்கம் அவ்வளவு கரடுமுரடாக இல்லை. வயலின் எங்கே போகப்போகிறது என்று கொஞ்சம் தெரிந்தது. ஸ்பிரோ நின்றபடியே கேட்டார். பியானோ தனியாக வருகிற இடம் வந்தது. ஜூடித்தின் இடக்கையைக் கிளடிஸ் பார்த்தாள். ஒரு அடி. நிப்பு. ரண்டு அடி. குருநகரில் பெட்டிக்கு முன்னால் போன பாண்டுக்கும் அந்த நடைதான். மல்வேர்ன் மேசையில் ஒரு வயதான மாமா தலையை நிமிர்த்தினார். அன்புராசா விரலால் மேசை விளிம்பைத் தட்டத் தொடங்கினான். பெரியம்மா அவனைத் தடுக்கவில்லை. கிரேக்கக் கிழவி பக்கத்திலிருந்தவரின் காதில் ஏதோ சொல்ல, அவர் ஓமென்று தலையாட்டினார். ஸ்பிரோ ஏப்ரனின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கள்ளப்பயல்" என்று தன் பாசையில் சொன்னார்; அந்தச் சொல்லை அத்தான் அடிக்கடி சொல்லுவார் என்பதால் கிளடிஸுக்கு விளங்கியது.

அவள் எழும்பி நின்றாள். ஜூடித்தின் தலையசைப்புக்குக் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் முதல்முறையாகக் கண்ணை உயர்த்தி அக்காவைப் பார்த்தாள்.

மக்டலீன் முள்ளுக்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். வளையலை மேலே தள்ளிவிட்டு, அதுவரை தொடாமலே ஆறிப்போன மீனைக் கையால் பிரித்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கி, சாப்பிடத் தொடங்கினாள்.