ஐந்தாம் சரணம்

டண்டினொங் புறநகரில் உள்ள சலவைத் தொழிற்சாலைக்கு மருத்துவமனைத் துணிகள் மூட்டை மூட்டையாக வந்திறங்கின. கேத்ரின் ஒவ்வொரு விரிப்பாக உதறி, மடிப்புக்குள் ஊசி எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, வலப்பக்கக் கூண்டில் எறிந்தாள். இரட்டைக் கையுறைக்குள் விரல்கள் வெந்திருந்தன. எதிரே துவாய்களைப் பிரித்துக்கொண்டிருந்த சிவாஜினி, கேத்ரின் எழுதிய கீர்த்தனையைத்தான் முணுமுணுத்தாள்.

"சேர்ச்சுக்கு ஒரு நாளும் வராதவள், என்ர பாட்டை மட்டும் விடமாட்டாய்."

"எங்கட முருகனுக்கு ஒண்டு எழுதித் தாங்கோவன் அக்கா. அதுவரைக்கும் இயேசுவோட சமாளிக்கிறன்."

பத்து நிமிட இடைவேளைக்கு மணி அடித்தது. தமிழ்த் திருச்சபையின் செயலாளர் வரதராஜா வாயிலருகே காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். சபை புதிதாக வெளியிடும் பாட்டுப் புத்தகத்தின் அச்சுப்படி அவர் கையில் இருந்தது. கேத்ரின் ஒரு கையுறையை மட்டும் கழற்றிவிட்டுத் தன் பாட்டைத் தேடியெடுத்தாள். வாய்க்குள் பாடியபடியே விரலால் வரிகளைத் தொடர்ந்தாள். விரல் பக்கத்தின் அடியில் நின்றது.

"அண்ணை, நாலு சரணந்தான் கிடக்குது. அஞ்சாவது எங்க?"

"அதிலதான் உங்கட பேர் வருது, கேத்ரின்."

"வரத்தானே வேணும்? எழுதினது நான்."

கீர்த்தனை எழுதுகிறவர் கடைசிச் சரணத்தில் தம் பெயரை வைப்பது வழக்கம். 'கரையறியாப் படகினிலே கேத்ரின் கரம் பிடித்தாய்' என்று அவள் முடித்திருந்தாள். அகதியாகப் படகில் இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் அவளுக்கு நிரந்தர விசா கிடைக்கவில்லை. மேன்முறையீட்டு விசாரணை வியாழக்கிழமை நடக்கவிருந்தது.

"படகும் கிடக்குது, பேரும் கிடக்குது. கேஸ் நடக்கிற ஆளின்ர பேர் சபைப் புத்தகத்தில வேண்டாமாம். கமிட்டி முடிவெடுத்திட்டுது. பாட்டு உங்களிட்ட இருந்து வந்தது எண்டு மட்டும் ஒரு படிவத்தில சைன் வையுங்கோ."

கேத்ரின் முந்தைய பக்கத்தைப் புரட்டினாள். அது வரதராஜாவின் பாட்டு. ஐந்து சரணங்களும் இருந்தன. ஐந்தாவதில் 'வரதன்' என்ற பெயரும் இருந்தது.

"உங்கட பேரை ஒருத்தரும் வெட்டேல்லையே."

"எனக்கு சிட்டிசன்ஷிப் இருக்குது, பிள்ளை." வரதராஜா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப என்ர பாட்டை எடுத்துவிடுங்கோ."

"எடுக்கேலாது. ஞாயிற்றுக்கிழமை பிஷப் வாறார். குவயர்ப் பிள்ளையள் அதைத்தான் பாடிப் பழகியிருக்கினம்." அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் உறையைப் பாதி வெளியே இழுத்தார். "விசாரணைக்கு நீங்கள் கேட்ட சபைக் கடிதம். பாஸ்டர் சைன் வைச்சிட்டார். ரெண்டையும் ஒண்டா முடிச்சிட்டுப் போவம் எண்டுதான் வந்தனான்."

உறை மீண்டும் பைக்குள் இறங்கியது.

"அக்கா, தேத்தண்ணி ஆறிப்போச்சு! இன்னும் மூண்டு நிமிசந்தான்!" உணவறைக் கதவிலிருந்து சிவாஜினி கத்தினாள். பின்னர் கேத்ரினின் முகத்தைக் கவனித்து அருகே வந்தாள். "என்னவாம்?"

"ஒண்டுமில்லை. நீ போ."

"பாட்டுக்குச் சபை ஏதும் தருதோ?"

"ஓம், தருது. நீ போ எண்டுறன்."

சிவாஜினி போகவில்லை. வரதராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டு மணிக்குப் பிரிண்டரிட்டக் குடுக்க வேணும், கேத்ரின். கடிதம் உங்களுக்கு வேண்டாமெண்டால் நான் வெளிக்கிடுறன்."

கேத்ரின் மற்றக் கையுறையையும் கழற்றினாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஈரத்தைச் சட்டையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். வரதராஜா படிவத்தைக் காரின் முன்மூடிமீது விரித்து, காற்றில் பறக்காதபடி இரு ஓரங்களையும் உள்ளங்கைகளால் அழுத்திப் பிடித்தார். அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். பிறகு பேனாவுக்காகக் கை நீட்டினாள்.

அவள் அவசரப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய வட்டமான எழுத்துகளில், புள்ளி ஒன்றும் விடாமல், தன் முழுப்பெயரை எழுதினாள். மை காய வரதராஜா குனிந்து ஊதினார். அந்தப் பெயருக்கு நேர் மேலே அச்சிட்டிருந்தது:

'இப்பாடலை இயற்றியவர் யாரென்று தெரியாது என உறுதியளிக்கிறேன்.'