முன் பிரேக் இல்லாத சைக்கிள்

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. துணியைக் கிழித்துக் கையில் கொடுத்தாகிவிட்டது. ஆனால் தனக்கோடிக்கு முடிச்சு விழவில்லை. மூன்று தடவை கட்டினான், மூன்று தடவையும் அவிழ்ந்துகொண்டது. நாளெல்லாம் உப்பு மூட்டைக்கு வாய் கட்டுகிற கை, இன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டது.

"உடுறா, நான் கட்டறேன்" என்று தாய்மாமன் தட்சணாமூர்த்தி துணியை வாங்கிக்கொண்டார்.

பெஞ்சின் மேல் கிடந்தது அவன் அண்ணன் ஆதிமூலம். காலையில் ஆறரை மணிக்கு, "பாத்திக்குத் தண்ணி உட்டுட்டு எட்டு மணிக்கு வந்துடறேன், இட்லியெல்லாம் நீயே முழுங்கிடாத" என்று தம்பியை அதட்டிவிட்டு உப்பளத்துக்குப் போன மனுஷன். சொன்னபடி எட்டு மணிக்கு வந்துவிட்டான், உப்பு ஏற்றுகிற டிராக்டரில் படுத்துக்கொண்டு. மதகுச் சரிவில் சைக்கிள் நிற்காமல் நேராகப் போனதாம். தூக்கி எறிந்ததில் பின்மண்டை கருங்கல்லில் பட்டதாம். கம்பவுண்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார், இமையை விரித்துப் பார்த்தார், துண்டை இழுத்து முகத்தை மூடிவிட்டார். ஒரு பொட்டு ரத்தம் வெளியே வரவில்லை. சே, இதெல்லாம் ஒரு சாவா? ஓர் ஆளைக் கொண்டுபோவதற்கு ஒரு நியாயம் வேண்டாமா? தனக்கோடிக்கு அழுகையே வரவில்லை. கம்பவுண்டரைப் பார்த்து, "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நாலு மணிக்கு எடுத்துடணும்" என்றார் மாமன். "அவனுக்குப் புள்ளையா குட்டியா, நீதான் கொள்ளி வெக்கணும். சவரம் பண்ண ஆளு வர்றான், மீசைய எடுத்துடு."

தனக்கோடி தலையை ஆட்டினான். ஆட்டிய பிறகுதான் யோசித்தான். கொன்றவனே கொள்ளி வைப்பதா?

ஏனென்றால் அந்தச் சைக்கிள் அவன் கைவேலை. சுனாமி நிவாரணத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது இரும்பை கிராமத்துப் பக்கம் பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டுப் போன கியர் சைக்கிள் அது. மலை ஏறுகிற சைக்கிளாம். மரக்காணத்தில் மலைக்கு எங்கே போவது? அண்ணன் டயரின் பருமனைப் பார்த்து மயங்கிவிட்டான், வரப்புச் சேற்றில் புதையாதாம். ஆறே மாதத்தில் உப்புக்காற்று அதை ஒரு வழி பண்ணிவிட்டது. கியரைத் தொட்டால் செயின் கழன்றது. முன் ஃபோர்க்கில் இருந்த ஸ்பிரிங் துருவேறி இறுகிக் கட்டையாகிப் போனது.

போன மழைக்காலத்தில், அளத்தில் வேலை இல்லாத நாட்களில், தனக்கோடி அதைப் பிரித்துப் போட்டான். கியர், லீவர், ஒயர் எல்லாவற்றையும் கழற்றிக் கடாசினான். பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம் போட்டு, அது ஆடாமல் இருக்கத் தண்ணீர்க் குழாயைத் துண்டு நறுக்கி இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தான். செயினைக் குறுக்கினான். ஸ்பிரிங் ஃபோர்க்கை எடுத்துவிட்டுச் சாதா சைக்கிளின் ஃபோர்க்கைச் செருகினான். அண்ணன் ஏறி ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "வெண்ணெயாட்டம் போவுதுடா டேய்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

ஒரே குறை, அந்தச் சைக்கிளின் பிரேக்கை மாட்டுவதற்கான குமிழ் சாதா ஃபோர்க்கில் கிடையாது. "பாண்டியில வேற ஃபோர்க்கு கெடைக்கும்ணே, ஒரு வாரம் பொறு" என்றான் தனக்கோடி. அண்ணன் கேட்கிற ஆளா? "பின்னால ஒண்ணு நல்லா புடிக்குதில்ல, அது போதும், குடுறா" என்று பிடுங்கிக்கொண்டு போனான். தனக்கோடியும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நாலு மாதத்தைத் தள்ளிவிட்டான்.

அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டுத்தான் நெருப்புச் சட்டியைத் தொடுவது. அதற்கு முன்னால் அந்தச் சனியனை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனான்.

வேலியோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். ஹேண்டில்பார் கோணிக்கொண்டிருந்தது. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக்கை அழுத்தினான். சக்கரம் நிற்கவில்லை. ஒயர் அறுந்திருக்குமோ என்று பார்த்தான். இல்லை, பிரேக் கட்டை இரண்டும் ரிம்மைச் சரியாகத்தான் கவ்வின, கவ்வியும் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ரிம்மில் விரல் வைத்தான். வழவழவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தான், புங்க எண்ணெய்.

அளத்துக்காரன் வீட்டில் இரும்பென்று எது இருந்தாலும் சாயங்காலம் எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் வைப்பார்கள். மண்வெட்டி, கடப்பாரை, கதவுத் தாழ்ப்பாள் எதுவும் தப்பாது. துடைக்காவிட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். அண்ணனின் பழைய சைக்கிளில் அண்ணி மட்கார்டையும் பாரையும் துடைத்ததோடு சரி. இது மட்கார்டு இல்லாத மொட்டைச் சைக்கிள், சக்கரம் முழுக்க வெளியே தெரியும். ரிம்மோ அலுமினியம், துருவே பிடிக்காது. அதை அண்ணிக்கு யார் சொன்னார்கள்? தனக்கோடிக்குத் தெரியும், அவன் சொல்லவில்லை.

நடுவீட்டிலிருந்து அண்ணி சாமுண்டீஸ்வரியின் குரல் கேட்டது. மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "நேத்து பொழுதோடதான சக்கரமெல்லாம் உப்பு பூத்துக் கெடக்குதுன்னு எண்ணெ போட்டுத் தொடச்சி வெச்சேன்! புதுசாட்டம் ஆக்கிட்டியேடின்னு சிரிச்சிக்கினு போனாரே! என் ராசா!"

தனக்கோடி ரிம்மிலிருந்து விரலை எடுத்தான். ஐயோ, கத்தாதே அண்ணி, யார் காதிலாவது விழப்போகிறது என்று மனசுக்குள் கூவினான். விவரம் தெரிந்த ஒருத்தன் வந்து இந்தச் சக்கரத்தைத் தொட்டால் போதும், அவள் தலையில் இடி இறங்கிவிடும். புருஷனைப் பறிகொடுத்தவள் எப்படியோ எழுந்து நடமாடிவிடுவாள். தன் கையாலேயே அனுப்பிவிட்டோம் என்று தெரிந்தவள் எழுவாளா?

வெளியடுப்பில் இருந்து இரண்டு கை சாம்பலை அள்ளிக்கொண்டு வந்தான். சோப்புத்தூளைக் கலந்தான். கோணிக் கிழிசலால் ரிம்மை இரண்டு பக்கமும் தேய்த்தான். பிரேக் கட்டைகளைக் கழற்றிக் கல்லில் உரசி மறுபடி மாட்டினான். முடிச்சுப் போட வராத கை, இப்போது ஸ்பேனரைப் பிடித்ததும் ஒழுங்காக வேலை செய்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்து நிமிர்ந்தபோது, பங்காளி வேல்முருகன் வந்து நின்றான். பாண்டி பஸ்ஸில் கண்டக்டர், சேதி கேட்டு வேலையிலிருந்து காக்கிச் சட்டையோடு இறங்கி வந்திருந்தான். பின்னாலேயே மாமனும் வந்தார்.

"இன்னாண்ணே, சைக்கிளக் கழுவறியா?"

"சேறா இருந்துச்சு" என்றான் தனக்கோடி.

வேல்முருகன் குனிந்து பின் சக்கரத்தைச் சுற்றி பிரேக்கைப் பிடித்தான். டக்கென்று நின்றது. "இது நல்லாதான் புடிக்குது. அப்புறம் எப்புடிப் போயி மோதுனாரு?"

வாசற்படியில் நிழல் ஆடியது. இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க, அண்ணி வந்து நின்றாள். முடி அவிழ்ந்து கிடந்தது.

"நானும் அதான் தம்பி கேக்கறேன்" என்றாள். தனக்கோடி பக்கம் திரும்பினாள். "நேத்து நான் தொடைக்கறப்ப நல்லாதான இருந்துச்சு? அதுக்கு இன்னா ஆச்சு? நீதான செஞ்ச, நீ சொல்லு."

"தொடச்சியா? எத..." என்று வேல்முருகன் திரும்பினான்.

"முன் பிரேக் இல்ல அண்ணி" என்றான் தனக்கோடி, அவசர அவசரமாக. "நான்தான் கழட்டிட்டேன். பிரேக் இல்லாம வேணாம்டான்னு அண்ணன் சொல்லுச்சு. நான் கேக்கல. ஒண்ணு போதும்னு சொல்லி ஏமாத்தி ஓட்ட வெச்சிட்டேன். சரிவுல பின் பிரேக் மட்டும் தாங்காது. எனக்கு அது தெரியும்."

வேல்முருகன் முன் சக்கரத்தைப் பார்த்தான். பிறகு துடைத்ததைப் பற்றி அவன் கேட்கவில்லை.

அண்ணி படியிறங்கி வந்தாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பதினைந்து வருஷமாக அவனுக்குச் சோறு போட்ட கை, அவன் கன்னத்தில் ஓங்கி இறங்கியது. இன்னொரு தடவை இறங்கியது. அவன் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பாமல் நின்றதில் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"மாமா" என்றாள் அவள், அவனைப் பார்த்தபடியே. "இவன் என் புருஷனுக்குக் கொள்ளி வெக்கக் கூடாது."

"ஏம்மா, கூடப்பொறந்தவன் இருக்கறப்ப..." மாமன் தடுமாறினார்.

"வெக்கக் கூடாது! இவன் கை பட்டா நானும் அந்தக் கட்டையில உளுந்துடுவேன்!"

தனக்கோடிக்கு அப்போதுதான் உறைத்தது. அடி விழும், திட்டு விழும், பேச்சு வார்த்தை நின்றுபோகும் என்பதெல்லாம் கணக்கில் இருந்தது. இது இல்லை. வாயைத் திறந்தான். அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன், இதை மட்டும் பிடுங்காதே அண்ணி என்று சொல்ல வந்தான். சொன்னால் அவள், ஏன் செய்தாய் என்று இன்னும் நாலு கேள்வி கேட்பாள், பேச்சு எண்ணெயில் போய் நிற்கும். வாயை மூடிக்கொண்டான்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். வேல்முருகனின் காக்கிச் சட்டையைக் கழற்றி, தலையில் தண்ணீர் ஊற்றி, மீசையை எடுத்து, சட்டியை அவன் கையில் கொடுத்தார்கள். தனக்கோடி கூட்டத்தின் கடைசியில் நடந்தான். பக்கத்தில் நடந்தவர்கள் ஒருவர் ஒருவராக வேகத்தைக் கூட்டி முன்னால் போய்விட்டார்கள். மழிக்காத மீசை முகத்தில் கனத்தது.

கால்வாய்க்கரைச் சுடுகாட்டில் அண்ணனைக் கட்டையில் வைத்து முகத்தை மட்டும் விட்டு மூடினார்கள். தனக்கோடி கருவேல மரத்தடியிலேயே நின்றுவிட்டான். அங்கிருந்து அண்ணனின் முகம் தெரியவில்லை. வேல்முருகன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தான். அவன் அப்பா செத்தபோது இதையெல்லாம் அவனுக்கு மூத்தவன்தான் செய்தான், இவனுக்குப் பழக்கமில்லை. மாமன் விறகு அடுக்குகிறவர்களோடு எதையோ பேசிக்கொண்டிருந்தார். கட்டையை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று தெரியாமல் வேல்முருகன் இந்தப் பக்கம் ஓரடி வைத்தான், அந்தப் பக்கம் ஓரடி வைத்தான், பிறகு கூட்டத்தைத் தாண்டி மரத்தடியைப் பார்த்தான்.

தனக்கோடி இடது கையை இடுப்பளவுக்குத் தூக்கி, இப்படிப் போ என்று காட்டினான். குடத்திலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக வேல்முருகன் நடக்க ஆரம்பித்தான்.