முந்நூற்று அறுபத்தாறாவது நாள்

நான்கு மணிக்குக் கையெழுத்து. மூன்று நாற்பதுக்குத் திரை உறைந்தது.

வெள்ளவத்தை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ரொஷேல் நாற்காலியை விட்டு எழும்பியே விட்டாள். கொட்டாஞ்சேனையில் ஒரு கிளினிக்குக்கான மென்பொருள் அது. நோயாளியின் அடையாள அட்டை இலக்கத்தை அடித்தால் பிறந்த திகதியைக் கணக்கிடும்; அது பதிவோடு பொருந்தினால், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகள்வரை எழுதிய கோப்பைத் திறந்து காட்டும். நாளைக் காலை அங்கே ஓட வேண்டும். சோதித்தவள் என்று மேலாளர் பௌஸியிடம் அவள் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் காரணம் காட்ட வேண்டும். அவளுடைய வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

சோதனைக்குக் கிளின்ரன் கொடுத்திருந்த இரண்டு இலக்கங்களும் ஒழுங்காகத்தான் ஓடின. மனம் ஆறாமல், கண்டபடி இலக்கங்களை உருவாக்கி மென்பொருளின் வாயில் திணிக்கும் சின்னக் கருவியொன்றை அவளே எழுதியிருந்தாள். அறுநூறு இலக்கங்கள்வரை விழுங்கிய மென்பொருள் 598663127V-இல் விக்கி நின்றது.

"கிளின்ரன், ஒருக்கா வாங்கோ."

மென்பொருளை எழுதியவன் பிளேன்டீக் கோப்பையோடு வந்து குனிந்து பார்த்தான்.

"ஐம்பத்தொன்பதில பிறந்த ஆள். அடுத்த மூண்டும் வருசத்தில எத்தனையாவது நாள் எண்டு. பொம்பிளையெண்டால் ஐந்நூறு கூட்டுறது. எண்ணூற்று அறுபத்தாறில ஐந்நூறு போனால்?"

"முந்நூற்று அறுபத்தாறு."

"ஐம்பத்தொன்பது லீப் வருசமில்லை. முந்நூற்று அறுபத்தஞ்சோட முடிஞ்சுது. உம்மட மெஷின் பிறக்காத மனிசியைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கு. கையெழுத்தை வையும், பௌஸி சேர் பாத்துக்கொண்டிருக்கிறார்."

"நீங்கள் ஆற்ற நம்பரால டெஸ்ட் பண்ணினனீங்கள்?"

"என்ட, சேரிட. ரெண்டும் நாள் பிசகாமல் வந்தது."

ஒருவர் பிறந்தது தொண்ணூற்றிரண்டில், மற்றவர் எண்பத்துநான்கில். இரண்டும் லீப் வருடங்கள்! ரொஷேலின் கை கைப்பைக்குள் பாய்ந்தது. அவளுடைய அட்டையில் 97, அடுத்து 727. ஐந்நூறைக் கழித்தால் இருநூற்று இருபத்தேழு. சுவர்க் கலண்டரில் விரல் வைத்து எண்ணினாள். அவள் பிறந்த ஓகஸ்ட் பதினான்கு, இருநூற்று இருபத்தாறாவது நாள்.

"ஒண்டு கூடுது, கிளின்ரன்! அட்டைக்கு எல்லா வருசத்தையும் முந்நூற்று அறுபத்தாறு நாளாத்தான் எண்ணியிருக்கினம். அப்ப டிசம்பர் முப்பத்தொண்டில பிறந்த எந்த மனிசிக்கும் எண்ணூற்று அறுபத்தாறுதான்."

"அண்டைக்குப் போய் ஆர் பிறந்து..."

கிளின்ரன் பாதியில் நிறுத்தினான். வருடக் கடைசி நாளில் அவன் கொண்டுவரும் கேக்கை அலுவலகமே தின்றிருக்கிறது. அது அவன் அம்மா யோசெப்பினின் பிறந்தநாள் கேக். பிறஷர் குளிசைக்கு அவர் மாதாமாதம் போவதும் இதே கிளினிக்குக்குத்தான்.

அம்மாவின் இலக்கம் அவனுக்கு மனப்பாடம். அடித்தான்.

திரை உறைந்தது.

"அன்ரி பிறக்கவேயில்லையாம்," என்றாள் ரொஷேல்.

"அம்மாட்டச் சொல்லிப்போடாதையும். கேக் வராது."

அடுத்து ரொஷேல் தன் இலக்கத்தை அடித்தாள். உறையவில்லை. ஓகஸ்ட் பதினைந்து என்று அமைதியாகக் காட்டியது. அந்தக் கிளினிக்கில் ஓகஸ்ட் பதினான்கு என்று பதிந்திருந்த அவளுடைய கோப்பு திறக்கவில்லை. அட, உறைந்ததே மேல். அது ஆளையாவது கூப்பிட்டது; இது சத்தமில்லாமல் மருந்து விவரத்தை மறைக்கும்.

மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கதவு திறந்தது.

"ரொஷேல், கையெழுத்து வெச்சாச்சா?" பௌஸி சேர்தான்.

"இல்லை சேர்," கிளின்ரன் முந்திக்கொண்டான். "நாளைக்கு விட ஏலாது. பிழை என்ட."

ரொஷேல் படிவத்தை நீட்டினாள். காரணம் என்ற கட்டத்தில் மூன்று இலக்கங்கள் இருந்தன. கருவி பிடித்தது, யோசெப்பின் அன்ரியுடையது, அதற்குக் கீழே அவளுடையது.