கையில் கொடுக்காத நூறு

டீச்சரின் மாமியார் வாளித் தண்ணீரில் சோப்புத்தூளைக் கொட்டி, ஐஸ் குச்சிகளை அதில் அமுக்கினார். டீச்சர் கணக்குப் பாடத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தவை அவை. பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட், அப்படிப் பத்துக் கட்டுகளைச் சேர்த்தால் நூறு.

"ஊறிப்போயிடும் அத்தை."

"ஊறட்டும். சாக்கடை அள்றவன் பொண்ணு கட்டினதாமே. அதத்தான் உன் பொண்ணும் தொட்டுக்கிட்டு இருக்காளாம்."

டீச்சரின் மகளும் அவர் நடத்தும் மூன்றாம் வகுப்பில்தான் படித்தாள். வகுப்பில் நடப்பதை வீட்டில் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிடுவாள். கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே முறைப்பில் அடக்குகிற டீச்சரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்தார். ரொம்ப நாகரிகமான வழி.

"பொடிசு, உன் கையெழுத்து நல்லா இருக்கு. இனிமே நீ போர்டுல எழுது. குச்சிய மத்தவங்க அடுக்கட்டும்."

மாமியார் சொன்ன அந்தப் பெண்தான் பொடிசு; வகுப்பிலேயே குள்ளமானவள் என்பதால் அந்தப் பெயர். ஸ்டூலில் ஏறி நின்று 243 = 200 + 40 + 3 என்று அவள் எழுதுவாள். கீழே மற்றவர்கள் இரண்டு நூறு, நான்கு பத்து, மூன்று உதிரி என்று அடுக்குவார்கள். பொடிசுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். டீச்சருக்கும் நிம்மதி, யார் மனமும் நோகவில்லையே என்று. மூன்று வாரம் இப்படியே ஓடியது. வெட்கம் உடனே வந்துவிடுகிற சரக்கு இல்லை போலிருக்கிறது.

பிறகு தேர்வு வைத்தார். 200 + 5 எவ்வளவு என்பது ஒரு கேள்வி. கடைசி பெஞ்சுச் சோம்பேறிகூட 205 என்று எழுதியிருந்தான். இரண்டு தடிக் கட்டு, நடுவில் காலி இடம், அப்புறம் ஐந்து குச்சி என்று அவன் கை பழகியிருந்தது. பொடிசு மட்டும் முத்து முத்தாக 2005 என்று எழுதியிருந்தாள்.

"இது எப்படிம்மா வந்துச்சு?"

"இருநூறு எழுதிட்டு, பக்கத்துல அஞ்சு எழுதினேன் டீச்சர்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நூறு எவ்வளவு கனமா இருக்கும் டீச்சர்?" என்றாள்.

டீச்சருக்கு முகம் சுட்டது. தப்பு என்று குறிபோடப் பேனா ஓடவில்லை. யார் தப்பு என்று அவருக்குத் தெரியாதா என்ன?

பள்ளி விட்டதும் கேட்டருகே பொடிசின் அம்மா நின்றிருந்தார். மகள் இன்னும் வகுப்பில் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் வேகமாகப் போனார்.

"உங்க பொண்ணு ஒரு கணக்கத் தப்பா போட்டுட்டா. அது அவ தப்பு இல்லைங்க. நான்தான் அவ கையில குச்சியே கொடுக்கல. எங்க வீட்டுல..."

"தெரியும் டீச்சர்," என்றார் அந்த அம்மா. "போர்டுல எழுத விட்டாங்க, குச்சிய மத்தவங்கதான் அடுக்குறாங்கன்னு அவ குதிச்சுக்கிட்டு வந்தா பாருங்க, அன்னைக்கே தெரியும்."

"ஏங்க வந்து கேக்கல?"

"கேட்டா அவளுக்கும் தெரிஞ்சுபோகுமே."

மகள் ஓடிவருவதைக் கண்டு அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்குக் குச்சியக் கொடுங்க. இத்தன நாள் ஏன் கொடுக்கலங்கிறத மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."