கழுத்தில் வெள்ளை

எங்கள் பக்கம் ஜனவரிதான் கோடை; அந்த வெயிலில் டவுன்ஸ்வில் ஊரே வெந்துகொண்டிருந்தது. என் கணவன் கிளைவ் மட்டும் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு டாக்டர் ஃபியோனா முன்னால் உட்கார்ந்திருந்தான். தோல் புற்றுநோய்க்கு ஆறாவது முறையாக மருந்து ஏற்ற வந்திருந்தோம்.

"புதுசா ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

பொய். மூன்று வாரமாகத் தூங்கும்போதுகூட அவன் அந்தத் துணியை அவிழ்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, பிடித்து இழுத்துவிட்டேன். கழுத்தெல்லாம் வெள்ளைத் திட்டுகள்.

"ஏண்டி இப்படிப் பண்ற? மருந்த நிறுத்திடுவாங்கடி!" என்று கத்தினான்.

டாக்டர் விளக்கை இழுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"மருந்து உங்க எதிர்ப்பு சக்தியத் தூண்டிவிட்டிருக்கு. அது சொந்தத் தோலுக்கு நிறம் குடுக்கிற செல்லையே அடிக்குது. உங்க புற்றுநோய் பிறந்ததும் அந்த செல்லுலதான். அதனால புற்றுநோயையும் அடிக்குதுன்னு நம்பலாம். உறுதியாச் சொல்ல மாட்டேன், ஆனா நல்ல அறிகுறி. மருந்து தொடரும்."

"நல்ல சேதியையாடா மூணு வாரமா மூடி வச்சிருந்த, மடையா!" என்றேன்.

வெளியே வந்ததும் வெயில் தடுப்புக் களிம்பை எடுத்தேன். நாற்பது வருஷம் கரும்புக் காட்டில் அதைப் பூசவே விடாதவன், காரில் சாய்ந்து கழுத்தை நீட்டினான்.